இருட்டில் நடப்பவருக்கு ஒரு விளக்கு

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் நின்று இரவில் வடக்கே பார்த்தால் திருகோணமலை நகரத்தினதும் துறைமுகத்தினதும் விளக்குகள் வரிசையாகத் தெரியும். கப்பல் பாறையில் மோதாமல் இருக்க வேண்டும் என்பதற்காக 1863ஆம் ஆண்டிலேயே இந்தக் குடாவின் முனையில் வெள்ளைக்காரர் ஒரு வெளிச்சவீட்டைக் கட்டினார்கள். கப்பலுக்கு வழிகாட்ட அன்றே வெளிச்சம் இருந்தது. ஆனால் குடிசையிலிருந்து மலசலகூடம் வரைக்கும் உள்ள இருபது முப்பது அடி தூரத்துக்கு எமது மக்களுக்கு இன்றும் பல இடங்களில் வெளிச்சம் இல்லை.

இது சின்னக் காரியம் போலத் தோன்றும். மீள்குடியேற்றத்தைப் பற்றிப் பேசும்போது காணி உறுதி, வீட்டுத்திட்டம், குளத்துப் புனரமைப்பு என்று பெரிய விடயங்களையே எல்லோரும் பேசுகிறோம். அவை வேண்டியவைதான். ஆனால் வீட்டுத்திட்டத்தில் வீடு ஒரு பக்கம், கிணறு ஒரு பக்கம், மலசலகூடம் வளவின் கோடியில் என்று அமைந்துவிடுகிறது. இரவில் அந்தத் தூரம் நீளுகிறது. அதனால் பொழுதுபட்ட பிறகு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர் என்று எந்த மாதர் சங்கக் கூட்டத்திலும் கேட்டுப் பாருங்கள். தண்ணீரைக் குறைத்தால் சலக்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும். சீனி வருத்தம் உள்ள முதியவர்களுக்கோ இரவில் இரண்டு மூன்று முறை எழும்பாமல் இருக்க முடியாது. அவர்கள் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால் அந்தக் குடும்பத்தின் ஒரு போகமே போய்விடும்.

இப்பொழுது கடைகளில் 'சென்சர் லைற்' என்ற பெயரில் ஒரு விளக்கு விற்கிறார்கள். ஆள் அசையும்போது தானாக எரியும், ஆள் போனபின் தானாக அணையும். சூரிய ஒளியில் இயங்குபவையும் உண்டு, மின்சாரத்தில் இயங்குபவையும் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே பொருத்த வேண்டும், எதற்கு உதவாது என்பதை விளங்கிக்கொண்டு வாங்கினால் காசு வீண்போகாது.

வெளிச்சம் பற்றிய எமது பழைய பாடம்

வெளிச்சம் என்றால் நன்மை என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். எமது மக்கள் படித்த பாடம் வேறு. யுத்த காலத்தில் விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆள் இருப்பது தெரிந்தால் ஆபத்து. வானத்தில் பரா வெளிச்சம் எழும்பினால் பதுங்குகுழிக்கு ஓடவேண்டும். மண்ணெண்ணெய் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ரோச் லைற்றுக்குப் போடும் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டு, பஞ்சுத்திரி போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த காலம் அது.

2006 ஏப்ரல் தொடக்கம் சம்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்து வெளியேறிய குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை ஆகிய இடைத்தங்கல் முகாம்களில் ஆண்டுக் கணக்காகத் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே இருந்தார்கள். காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் கட்டம் கட்டமாக விடப்பட்டன. திரும்பி வந்தபோது வளவு காடாகக் கிடந்தது. வேலி இல்லை, அயல் வீடும் இல்லை.

இதற்கிடையில் 2011 ஆகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்ற அச்சம் கிழக்கெங்கும் பரவியதை மறந்திருக்கமாட்டீர்கள். பெண்கள் தனியே தூங்க அஞ்சினார்கள். ஆண்கள் தடியோடு விழித்திருந்தார்கள். கிண்ணியாவில் அது மக்களுக்கும் படையினருக்கும் இடையிலான மோதலாகவே முடிந்தது. வந்தது யார், உண்மையில் யாராவது வந்தார்களா என்று இருட்டில் எவராலும் சொல்ல முடியவில்லை. இருட்டு இருக்கும் இடத்தில் வதந்திக்குக் கால் முளைத்துவிடுகிறது.

மண்ணெண்ணெய் விளக்கும் பாதுகாப்பான துணை அல்ல. குப்பி விளக்குத் தட்டுப்பட்டுப் பாயில் எண்ணெய் ஊற்றி எரிகாயம் அடைந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கட்டையாகவும் பாரமாகவும், உருளாதபடி தட்டையான பக்கங்களுடனும், திருகும் உலோக மூடியுடனும் ஒரு பாதுகாப்பான விளக்கை வடிவமைத்து நாடு முழுவதும் பரப்பினார். அதற்காக 1998இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. அது நல்ல விளக்கு. ஆனால் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தபோது நல்ல விளக்கும் எரியவில்லை. அதே ஆண்டு மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. மின் இணைப்பு உள்ள வீடும் இல்லாத வீடும் அப்பொழுது ஒன்றாகவே இருண்டன. ஆகவே வீட்டிலேயே சேமித்து வைக்கக்கூடிய சிறு வெளிச்சம் பயனுள்ளது என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் காட்டியது.

அந்த விளக்கு எப்படிப் பார்க்கிறது?

எமது உடம்பு ஒரு சிறு அடுப்பு மாதிரி. கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை எந்நேரமும் வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. விளக்கின் முன்பக்கத்தில் வெள்ளையாக, தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கவனித்திருப்பீர்கள். அது ஒரு வில்லை. முன்னே உள்ள இடத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, அங்கிருந்து வரும் வெப்பக் கதிரை உள்ளே இருக்கும் சிறு உணரியில் விழுத்துகிறது. ஆள் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் கடக்கும்போது வெப்பம் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கண்டதும் விளக்கு எரிகிறது. உணரி எதையும் வெளியே அனுப்புவதில்லை. படம் பிடிப்பதுமில்லை. உங்களை யார் என்றும் அதற்குத் தெரியாது.

இதிலிருந்து மூன்று விடயங்கள் விளங்கும். முதலாவது, அசையாமல் நிற்பவரை அது காணாது. இரண்டாவது, நேரே விளக்கை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரையே விரைவில் காணும். மூன்றாவது, சுற்றுப்புறத்தைவிடச் சூடான, அசைகின்ற எதையும் அது காணும். நாய், மாடு, ஆடு எல்லாம் அதற்கு ஒன்றுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகற்சூடு இரவிலும் தணியாதபோது உடம்பின் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் குறைவு. அப்பொழுது விளக்கு பார்க்கும் தூரமும் குறையும். பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.

பகலில் எரியாமல் இருப்பதற்கு வெளிச்சத்தை அறியும் பகுதி ஒன்றும் உண்டு. வேறு விளக்கு பக்கத்தில் எரிந்தால் பகல் என்று எண்ணி அது எரியாது. ஆகவே விறாந்தை மின்குமிழுக்குப் பக்கத்தில் இதைத் தொங்கவிடக் கூடாது.

எங்கே பொருத்துவது?

பலர் செய்வது, விளக்கை வீட்டு முகப்பில் படலையைப் பார்த்தபடி பொருத்துவது. அழகுக்கு அது சரி. வீதியால் போகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் எரிந்து பற்றரி பத்து மணிக்கே தீர்ந்துவிடும். ஒரேயொரு விளக்குத்தான் வாங்க முடியும் என்றால் மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் பொருத்துங்கள். இரண்டாவது கிடைத்தால் கிணற்றடி. மூன்றாவதுதான் முகப்பு.

உயரம் நிலத்திலிருந்து இரண்டு தொடக்கம் இரண்டரை மீற்றர், சற்றுக் கீழே சரிந்தபடி. பாதை விளக்குக்குக் குறுக்கே போகும்படி பக்கவாட்டில் நிறுத்துங்கள். சிறு விளக்குகள் பெரும்பாலும் ஐந்து தொடக்கம் எட்டு மீற்றர் வரைதான் பார்க்கும். ஆணி அடிக்க முன் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் இருட்டில் நடந்து பார்ப்பது நல்லது. கால் வைக்கும் முதல் படியிலேயே எரியவேண்டும். பாதி தூரம் போனபின் எரியும் விளக்கால் பயனில்லை.

அடுப்படிப் புகைக்கூடு, உடுப்புக் காயும் கொடி, காற்றுக்கு ஆடும் வாழை ஆகியவற்றை அது பார்க்காதபடி திருப்புங்கள். அயல் வீட்டு யன்னலுக்குள் வெளிச்சம் விழாமலும் பாருங்கள். வெளிச்சம் பாதையில், நிலத்தில் விழுந்தால் போதும். வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் குறைவாக வரும். பூச்சி கூடினால் தவளை கூடும், தவளை கூடினால் அதைத் தேடி வருவது எது என்று உங்களுக்குத் தெரியும்.

சூரியத் தகடு தனியாகவும் விளக்குத் தனியாகவும் வயரால் இணைக்கப்பட்ட வகை எமது வீடுகளுக்குப் பொருத்தமானது. விளக்கைத் தாழ்வாரத்துக்குக் கீழேயும் தகட்டைக் கூரைக்கு மேலேயும் வைக்கலாம். தகடு தெற்கு நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கட்டும். மழை அதைக் கழுவும். தென்னோலையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலே மின்சாரம் பெருமளவு குறைந்துவிடும். கடற்கரையில் உப்புப் படியும், வயற்கரையில் தூசு படியும். கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பது பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். உறையில் ஐ.பி. 65 என்று இருந்தால் தூசும் மழையும் உள்ளே போகாது.

மின்சார சபை இணைப்பு உள்ள வீடுகளில் சாதாரண விளக்குப் பிடியிலேயே மாட்டக்கூடிய சென்சர் மின்குமிழ்கள் உண்டு. வெளியே வயர் இழுப்பதென்றால் தெரிந்த மின்வேலைக்காரரைக் கொண்டு, ட்ரிப் சுவிச் உள்ள இணைப்பில் மாத்திரம் செய்யுங்கள்.

பற்றரிக் கணக்கு

பத்துக் கன்னியரின் உவமையை அறிவீர்கள். ஐந்து பேருக்கு எண்ணெய் தீர்ந்தது நள்ளிரவில், மணமகன் வரும் நேரத்தில். பற்றரியும் அப்படித்தான். ஆகையால் ஒரு சிறு கணக்குப் பார்ப்போம்.

3.7 வோல்ற், 1,500 மில்லி அம்பியர்-மணி என்று எழுதப்பட்ட ஒரு பற்றரியில் சுமார் ஐந்தரை வாற்று-மணி சக்தி உண்டு. ஐந்து வாற்று விளக்கை அதில் தொடர்ந்து எரித்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நிற்கும். அதே விளக்கு ஓர் அசைவுக்கு 30 செக்கன் வீதம் இரவில் 40 தடவை எரிந்தால் மொத்தம் 20 நிமிடம். இரண்டு வாற்று-மணிக்கும் குறைவாகவே செலவாகும். அசைவுக்கு எரிவதன் சிக்கனம் இதுதான். வாடைக்காற்று மாதங்களில் வானம் மூடியிருக்கும்போது தகட்டுக்கு நல்ல வெயில் கிடைக்காது. அந்த நாட்களிலும் கொஞ்சம் மிஞ்சும்.

உள்ளங்கை அளவு தகடுள்ள விளக்கில் 100 வாற்று, 200 வாற்று என்று ஒட்டியிருந்தால் நம்பவேண்டாம். அந்தத் தகடு அவ்வளவைத் தராது. வாங்கும்போது கேட்கவேண்டிய முக்கிய கேள்வி, பற்றரியைக் கழற்றி மாற்றலாமா என்பது. இரண்டு மூன்று வருடத்தில் பற்றரி தளர்ந்துவிடும். மாற்ற முடியாத விளக்கு அன்றோடு குப்பை. பழைய பற்றரியை அடுப்பில் போடாதீர்கள், வெடிக்கும். கிணற்றடியிலும் வயலிலும் புதைக்கவும் வேண்டாம்.

பாம்பைக் காணாத கண்

இந்த விளக்கை வாங்குபவர்களில் பலர் பாம்புக்காகவே வாங்குகிறார்கள். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பாம்பு வந்தால் இந்த விளக்கு எரியாது. பாம்பின் உடம்புச் சூடு அது கிடக்கும் நிலத்தின் சூட்டை ஒத்தது. உணரிக்கு அது தெரியாது. விளக்கு எரியாதபடியால் பாம்பு இல்லை என்று நினைப்பது பெரிய ஆபத்து. விளக்கு எரிவது நீங்கள் நடப்பதால். நடக்கும் இடத்தில் கிடப்பதை நீங்கள் காண்பதற்கு அது உதவும், அவ்வளவுதான். செருப்பும் தடியும் அப்போதும் வேண்டும்.

இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு தீண்டுகிறது என்றும், சுமார் 400 பேர் இறக்கிறார்கள் என்றும் 2016இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. இவர்களில் கட்டுவிரியன் கடித்தவர்களின் நிலை தனி. அது இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் பாயில் தூங்குபவரைக் கடிக்கும். நோவு அதிகம் இராது, கடித்த அடையாளமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி வரும், கண்ணிமை சோர்ந்து விழும். அப்படி ஒருவர் எழும்பினால் வேறு எதையும் யோசிக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போகவேண்டும். இதற்கு மருந்து விளக்கு அல்ல. கட்டிலும், பாயின் கீழே நன்றாகச் செருகிய நுளம்பு வலையும், நெல்மூட்டையை வேறாக வைப்பதுமே பாதுகாப்பு.

கடித்த இடத்தைக் கீறவும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும்.

யானைக்கு இது வேலி அல்ல

ஈச்சிலம்பற்று, சேருவில, கந்தளாய், குச்சவெளிப் பக்கங்களில் உள்ளவர்களின் இரவு யானையால் கெடுகிறது. நாடு முழுவதும் 2023இல் மாத்திரம் 170க்கும் மேற்பட்ட மனிதர்களும் 450க்கும் மேற்பட்ட யானைகளும் இந்தப் பகையில் மாண்டார்கள். யானையின் உடம்புச் சூட்டை உணரி காணும், விளக்கும் எரியும். ஆனால் அந்த வெளிச்சத்துக்கு யானை எப்பொழுதும் ஓடிவிடும் என்று யாரும் உறுதி தரமுடியாது.

கென்யாவில் றிச்சர்ட் ருறேறே என்ற மசாய் இனச் சிறுவன் தன் தகப்பனின் மாட்டுப்பட்டியைச் சிங்கத்திடமிருந்து காக்க முயன்ற கதை இங்கே உதவும். அவன் கட்டிவைத்த வெருளியை முதல் நாள் கண்டு திரும்பிய சிங்கம், அது அசையவில்லை என்று கண்டதும் அடுத்த நாள் வந்து மாட்டைக் கொன்றது. ஒரு நாள் இரவு ரோச் லைற்றோடு பட்டியைச் சுற்றி நடந்தபோது, அசையும் வெளிச்சத்துக்கே சிங்கம் அஞ்சுகிறது என்று கண்டான். பழைய கார் பற்றரி, சூரியத் தகடு, உடைந்த ரோச் லைற் மின்குமிழ்கள் ஆகியவற்றைக்கொண்டு மாறிமாறி மினுங்கும் விளக்குகளைப் பட்டியைச் சுற்றிப் பொருத்தினான். மிருகமும் படிக்கிறது என்பதே இந்தக் கதையின் பாடம். யானையும் படிக்கும்.

ஆகவே யானை வரும் ஊரில் இந்த விளக்கை எச்சரிக்கையாக மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டுச் சுவரில் அல்லாமல், நெல் வைக்கும் இடத்துக்கு அப்பால், உள்ளேயிருந்து பார்த்தால் தெரியும் ஒரு கப்பில் பொருத்துங்கள். அது எரிந்தால் என்ன வந்திருக்கிறது என்று யன்னலால் பாருங்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடாதீர்கள். யானைக்கு நிலையான பாதுகாப்பு, கிராமத்தையும் போகக் காலத்தில் வயலையும் சுற்றி ஊரவர் பராமரிக்கும் மின்வேலி என்று 2020இல் தயாரிக்கப்பட்ட தேசிய செயற்திட்டம் சொல்கிறது. அதைக் கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போவது விளக்கு வாங்குவதைவிடப் பெரிய வேலை.

மின்வேலி வேறு, வீட்டு மின்சாரத்தைக் களவாக வேலிக் கம்பியில் கொடுப்பது வேறு. பன்றிக்கு வைத்த கம்பியில் பிள்ளை கைவைத்தால் யார் பதில் சொல்வது? அது சட்டப்படி குற்றம். கொலைக்கும் ஒப்பானது.

திடீர் வெளிச்சமும் நொந்த மனமும்

விளக்குப் பெட்டியில் எழுதப்படாத ஒரு விடயம் உண்டு. இருட்டில் படீரென்று ஒரு வெளிச்சம் முகத்தில் அடித்தால் எமது வயது வந்தவர்கள் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். பரா வெளிச்சத்தையும் சுற்றிவளைப்பையும் உடம்பு மறப்பதில்லை. ஆள் காணாமற்போன வீட்டில் நள்ளிரவில் படலையடியில் விளக்கு எரிந்தால் அந்தத் தாய் என்ன நினைப்பாள்? வந்தது நாய் என்று அறிவு சொல்லும். ஆனால் விடியும்வரை அவள் தூங்கமாட்டாள்.

அப்படிப்பட்ட வீடுகளுக்கு, எந்நேரமும் மங்கலாக எரிந்து ஆள் வரும்போது மட்டும் பிரகாசிக்கும் வகையைத் தெரிவு செய்யுங்கள். பற்றரி சற்றுக் கூடச் செலவாகும், பரவாயில்லை. வீட்டுக்குள் கட்டிலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் வைக்கும் சிறு மஞ்சள் விளக்கு அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் நல்லது. கண் கூசாது, காலடி தெரியும். வாங்கிய அன்றே வீட்டிலுள்ள எல்லோரையும் கூட்டி, அது எப்படி எரிகிறது என்று காட்டுங்கள். மாடு கடந்தாலும் எரியும் என்பதைப் பிள்ளைகளே நடத்திக் காட்டட்டும். காரணம் தெரிந்த வெளிச்சத்துக்குப் பயம் குறைவு.

இரவு விளக்கை இரண்டு நோக்கத்தோடு வைக்கலாம். ஒன்று, வருகிறவனைக் காவல் பார்க்க. மற்றது, நடப்பவருக்கு வழி காட்ட. நெடுங்காலம் மற்றவர்களுடைய காவல் விளக்குகளுக்குக் கீழே வாழ்ந்தவர்கள் நாங்கள். சொந்த வளவில் நாம் வைக்கும் விளக்கு முதலில் நடப்பவருக்காகவே இருக்கட்டும்.

ஊராகச் சேர்ந்து

விலையை இங்கே எழுதவில்லை, அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. தனித்தனியாக நடைபாதைக் கடையில் வாங்குவதைவிட, கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ சேர்ந்து, ஒரே வகையில் பத்துப் பதினைந்து விளக்குகளை உத்தரவாதத்தோடு வாங்குவது நல்லது. ஒரே வகை என்றால் பற்றரியும் ஒரே வகை. ஊரில் ஓர் இளைஞனோ யுவதியோ பழுது பார்க்கப் பழகிக்கொண்டால் போதும். முதல் விளக்குகள் யாருக்கு என்று சங்கம் கூடித் தீர்மானிக்கட்டும். ஆண் துணையில்லாத குடும்பம், கர்ப்பிணித் தாய், கண் மங்கிய முதியவர், ஊனமுற்றவர் ஆகியோர் முன்னே நிற்கவேண்டும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தேவையில்லை. இருட்டு எல்லா வளவிலும் ஒன்றுதான்.

2025 ஏப்ரலில் சம்பூரில் 120 மெகாவாற்று சூரிய மின் நிலையத்துக்கான வேலை தொடக்கிவைக்கப்பட்டது. எமது மண்ணில் விழும் வெயில் நாட்டுக்கே வெளிச்சம் தரக்கூடியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த வெயிலில் ஒரு கையகலமாவது எமது சொந்தக் கூரையில் பிடிக்கப்பட்டு, இரவில் கிணற்றடிக்குப் போகும் ஒரு பெண்ணின் காலடியில் விழவேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். வாடைமழை தொடங்க முன் எடுங்கள்.